கொட்டகையில் காத்திருந்த சோறு

மகன்,

அத்தையைக் கொன்றது யார் என்று நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எது கொன்றது என்று கேட்டால் ஓரளவு சொல்லலாம். எப்படி நடந்தது என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லலாம். நீ யார் என்று கேட்கிறபோது ஒரு ஆளை ஏற்கனவே மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறாய். அந்த ஆளின் பெயரை, சொந்தக்காரரும் எங்கள் ஒழுங்கையில் அயல்வீடுகளில் உள்ளவர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதியும் விட்டாய். “எங்கட அத்தையைக் கொன்றது மலரின்ர சோறுதான். இனி ஒருத்தரும் அவவிட்ட ஒண்டும் வாங்காதேங்கோ.” இதை எல்லோரும் வாசித்தார்கள். ஆகவே இந்தக் கடிதத்தையும் எல்லோரும் வாசிக்கும்படி அதே குழுவில் போடப் போகிறேன். உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் ஒருத்தியின் பிழைப்பை ஊர் பார்க்க உடைத்துவிட்டு, திருத்தத்தை மட்டும் காதுக்குள் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை.

நாளைக்கு அப்பாவின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. வெளிநாட்டு வேலையில் திரும்பவும் லீவு கிடைக்காததால் நீ வரமாட்டாய். உனக்குப் பதிலாகச் சித்தப்பா கிரியையில் இருக்கிறார். நாளைச் சோற்றை மலரைத்தான் வடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டு நீ கோபப்படுவாய் என்று தெரியும். கோபப்படுவதற்கு முன் இதை முழுக்க வாசி. வாசித்து முடிந்ததும் குழுவில் நீ எழுதியதை எடுத்துவிட்டு, மலருக்கு ஒரு தடவை போன் எடு. நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததில் நீ பின்னேரத்தை மட்டும்தான் கண்டாய். காலையைச் சொல்கிறேன். அப்பாவின் மூச்சு நின்ற இரவு உனக்கு நான் போன் எடுத்தபோது, அடுத்த விமானத்தில் ஏறுகிறேன் என்றாய். விடிவதற்குள் கட்டுநாயக்கா விமான நிலையம், அங்கிருந்து வான், பத்து மணிக்கு வீடு என்று இங்கே கணக்குப் போட்டோம். நீ வந்ததும் கிரியை தொடங்கி, மத்தியானத்துக்குள் பிரேதத்தை எடுத்து, ஆண்கள் சுடலைக்குப் போய்வந்து குளித்தபின் சாப்பாடு என்று சித்தப்பா எல்லோருக்கும் சொன்னார். செத்த வீட்டில் அடுப்பு எரியாது. பிரேதம் வீட்டில் கிடக்கும்வரை அயலவர்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் பெரிய சமையல் என்றால் அது மலரின் முற்றத்தில்தான் நடக்கும். தினமும் இடியப்பம் அவித்து விற்கிறவள் என்பதால் பெரிய பானைகளும் அடுப்பும் அவளிடம்தான் இருக்கின்றன. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இருட்டோடு எழும்பி, காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, ரசம் எல்லாம் முடித்து, மூடி போட்ட பெரிய வாளிகளில் எங்கள் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். வாளிகளைக் கிணற்றடித் தகரக் கொட்டகைக்குள் வைத்தார்கள். யாரோ நல்ல எண்ணத்தில் சூடு ஆறிப்போகாமல் சுற்றிவரச் சாக்குகளைப் போர்த்திவிட்டார்கள்.

பிறகு நீ கட்டுநாயக்காவிலிருந்து போன் எடுத்தாய். விமானம் பிந்தி, அப்போதுதான் இறங்கியிருந்தாய். வெயிலும் ஏறிவிட்டது. சித்தப்பா என்னிடம் வந்து, “அண்ணி, பொடியன் வர மூண்டு மணி ஆகும். வைச்சிருக்கிறதோ, எடுக்கிறதோ?” என்று கேட்டார். மகன் வரட்டும் என்று நான் சொன்னேன். ஒரே பிள்ளை கொள்ளி வைக்காமல் தகப்பனை எடுப்பது என்ற கதைக்கே அன்றைக்கு இடமில்லை. அந்த முடிவை இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன். அப்பாவின் உடலுக்கு ஐஸ் ஒழுங்கு செய்தோம். கொட்டகைக்குள் இருந்த சோற்றைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான். பிரேதத்தின் தலைமாட்டில் இருக்கிற பெண் எழும்பிப்போய், சோறு எத்தனை மணிக்கு வடித்தது என்று விசாரிக்க மாட்டாள். செத்த வீட்டுக்கு வந்த சோற்றைத் திறந்து பார்ப்பதும் இல்லை, குறை சொல்வதும் இல்லை, வேண்டாம் என்பதும் இல்லை. அயலவரின் கையை மதிக்கிற நல்ல பழக்கம் அது. அன்றைக்கு அதே பழக்கம் எங்கள் எல்லோருடைய கண்ணையும் கட்டிவிட்டது.

நீ வான் கதவைத் திறந்து இறங்கியபோது மூன்றரை தாண்டியிருந்தது. சுடலையிலிருந்து திரும்பி வந்து குளித்து முடிக்கப் பொழுது பட்டுவிட்டது. மலர் பொறுப்பில்லாதவள் என்று நீ நினைக்கிறாய். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நேரமாகிவிட்டதே என்று பயந்து, பருப்பையும் கறியையும் ரசத்தையும் திரும்பக் கொதிக்க வைத்தாள். சோற்றைக் கொதிக்க வைக்க முடியாது என்பதால், தன் இடியப்பச் சட்டியில் பகுதி பகுதியாகப் போட்டு ஆவி கட்டினாள். ஆகவே இலைக்கு வந்தபோது சோற்றிலிருந்து புகை வந்தது. சித்தப்பா அள்ளி மணந்து பார்த்தார். ஒரு மணமும் இல்லை. “இப்ப வடிச்ச சோறு போலக் கிடக்கு” என்று சொன்னார். நீ வெறுந்தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அப்பாவின் கதிரையில் போய் இருந்தாய். நானும் இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. அத்தை நன்றாகச் சாப்பிட்டா. கூடப்பிறந்தவர் போன இரவிலிருந்து அவ ஒன்றும் தின்னாமல் கிடந்தவ.

ஒன்பது மணிக்கு முன்பே சத்தியும் வாந்தியும் தொடங்கிவிட்டது. முதலில் சித்தப்பா, பிறகு அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்த இருவர், பிறகு ஒவ்வொருவராக. சிலருக்கு வயிற்றாலும் போனது. அந்த நேரத்தைக் கவனி. சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வருத்தம் தருவதற்கு அந்த நேரம் போதாது. நஞ்சு சோற்றுக்குள்ளேயே உண்டாகி இருந்திருக்க வேண்டும். அடுத்ததாக, வருத்தம் வராதவர்களைக் கவனி. பிள்ளைகள் பசி தாங்க மாட்டார்கள் என்று காலையிலேயே அவர்களுக்கு அதே வாளியிலிருந்து சோறு போட்டார்கள். சுடலைக்கு விறகு கொத்தின ஆட்களும் அந்த நேரத்திலேயே சாப்பிட்டார்கள். மலரின் பிள்ளைகளும் அதையே தின்றார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஒரே கை, ஒரே பானை, ஒரே வாளி. காலையில் தின்றவர்கள் தப்பினார்கள், பொழுது பட்டபின் தின்றவர்கள் விழுந்தார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது கொட்டகைக்குள் கழிந்த ஒரு பகல். அதற்குப் பெயர் மலர் என்று எழுத என்னால் ஏலாது.

அரிசியில் ஒட்டிவருகிற ஒரு பக்டீரியா இருக்கிறது. மண்ணிலும் தூசியிலும் இருப்பதால் வயலிலிருந்தே கூட வரும். எவ்வளவு கழுவி அரித்தாலும் முழுதாகப் போகாது. அரிசியில் அது தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றை இட்டுக்கொண்டு ஒடுங்கிக் கிடக்கும். சோறு கொதிக்கும்போதும் கொதிநீர் அந்த ஓட்டுக்குள் போகாது. சோறு கை பொறுக்காத சூட்டில் இருக்கும்வரை அது எழும்பாது. நன்றாகக் குளிர்ந்துபோனாலும் பெரும்பாலும் அசையாது. இரண்டுக்கும் நடுவில், மடியில் வைத்த பிள்ளையின் உடம்புபோல இளஞ்சூடாக இருக்கும்போதுதான் ஓட்டை உடைத்து வெளியே வந்து பெருகும். பெருகும்போது நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, புளிப்பும் இல்லை. திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு சாகாது. மூடின வாளி, போர்த்தின சாக்கு, மேலே வெயில் பட்ட தகரம்: சோறு ஆறக்கூடாது என்று நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அதை அந்த நடுச்சூட்டிலேயே பிடித்து வைத்திருந்தது. மலர் ஆவி கட்டியது எங்கள் பயத்தைப் போக்கியது, நஞ்சைப் போக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் இதை நான் படித்திருக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தும் இருக்கிறேன். என் வளவுக் கொட்டகையோடு அந்தப் படத்தைச் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இதை நான் நிரூபிக்க ஏலாது என்பதையும் சொல்லவேண்டும். மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்கு முன்பே சொந்தக்காரப் பெண்கள் வாளிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார்கள். செத்த வீட்டின் மானம் போய்விடும் என்ற பயம். வந்தவர் வெறும் வாளியைப் பார்த்துவிட்டு, “ஒரு பிடி சோறு எடுத்து வைச்சிருந்தாலும் சொல்லியிருப்பன், ரீச்சர்” என்றார். ஆகவே பருப்பா, கறியா, சோறா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. சோறுதான் என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் அத்தையே. சிறுநீரக வருத்தம் என்பதால் பருப்பும் மரக்கறியும் அவவுக்கு அளந்துதான். அன்றைக்குச் சோற்றுக்கு ரசம் மட்டும் விட்டுத் தின்றா. புளிப்புள்ள ரசத்தில் அந்தக் கிருமி எளிதில் பெருகாது. இனி எங்கேயாவது இப்படி நடந்தால், வெட்கத்தைப் பார்க்காமல் மிச்சத்தை மூடிக் குளிரில் வைத்துவிட்டு ஆட்களுக்கு அறிவி. கழுவித் துடைத்த பாத்திரம் யார்மேலும் பழிபோட இடம் கொடுக்கும்.

சோற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் அத்தை செத்திருக்க மாட்டா. நாற்பது பேர் அளவில் சத்தி எடுத்து, இரண்டு நாளில் எழும்பி நடந்தார்கள். அத்தையின் கதை வேறு. உடம்பு வீங்காமல் இருக்க நாளுக்கு ஒரு போத்தலுக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று கிளினிக்கில் அவவுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்கான நாளுக்குச் சொன்ன கட்டளை அது. விடிய விடியச் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தபோதும் அவ அதை மீறவில்லை. நான் உப்பும் சீனியும் கரைத்துக் கொண்டுபோக, “போத்தல் முடிஞ்சுது பிள்ளை, இனி ஏலாது. டொக்டர் ஏசுவார்” என்று கையால் தள்ளிவிட்டா. வழமையாகப் போடுகிற, சிறுநீர் போக வைக்கிற மருந்துக் குளிசையையும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டா. சாவுத் துடக்கு வீட்டில் இன்னொரு ஆரவாரம் வேண்டாம் என்று, எத்தனை தரம் கிணற்றடிக்குப் போனா என்பதையும் மறைத்தா. நான் வற்புறுத்தியிருக்கலாம். கணவனை எரிக்கக் கொடுத்த இரவில் எனக்கு அந்தத் தென்பு இருக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். காலையில் வாய் குழறியபோதுதான் நீயும் சித்தப்பாவும் அவவை ஓட்டோவில் ஏற்றினீர்கள். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்பது எனக்கு முன்னால் உனக்குத் தெரியும். நான் படிப்பிக்கப் பள்ளிக்கூடம் போன காலத்தில் உன்னை இடுப்பில் வைத்துச் சோறூட்டியவ. அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. உன் கோபத்தின் அளவு எனக்கு விளங்குகிறது. அது போய் நின்ற வாசல்தான் பிழை.

ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள். சத்தி, வயிற்றோட்டம் என்றால் உடம்பை விட்டுப் போகிற தண்ணீரையும் உப்பையும் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், சிறு சிறு மிடறாக, விடாமல். சிறுநீரகம், இருதயம், சர்க்கரை வருத்தம் உள்ளவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. எவ்வளவு குடிக்கலாம், எந்தக் குளிசையை நிறுத்தலாம் என்று ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும். இரத்தம் போனால், சிறுநீர் குறைந்தால், பேச்சுத் தடுமாறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயிற்றோட்டத்தை அடைக்கிற குளிசையை நீயாக வாங்கிப் போடாதே.

பழியை அவசரமாக ஒன்றின் தலையில் கட்டுவது நம் குடும்பத்துக்குப் புதிதல்ல. நீ ஏழெட்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா புல்மோட்டையிலிருந்து வரும்போது வழியில் சூரை மீன் வாங்கிவந்தார். அதைத் தின்று அரை மணித்தியாலத்தில் உன் முகமும் கழுத்தும் சிவந்து, உதடு எரிகிறது என்று அழுதாய். அப்பாவுக்கும் தலை இடித்தது. அவர் அதை வெயில் என்றார். உனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அந்த மீனை உனக்குத் தராமலே வளர்த்தோம். நீயும் எங்கே போனாலும் “எனக்குச் சூரை அலர்ஜி” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். பிறகு உன் சிநேகிதன் வீட்டுக் கல்யாணத்தில் தெரியாமல் தின்று ஒன்றும் நடக்காமல் வந்தபோதுதான் நான் யோசித்தேன். ஐஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் வெயிலில் வந்த மீன் அது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையிலேயே ஒரு நஞ்சு ஊறும். பொரித்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. குற்றம் உன் உடம்பிலும் இல்லை, சூரையிலும் இல்லை. வழியில் கழிந்த நேரத்தில் இருந்தது. நேரத்தைப் பிடித்து யாரும் ஏச முடியாது. அதனால் மீனை ஏசினோம், இப்போது மலரை ஏசுகிறோம்.

நீ இருக்கிற அறையில் ஆறு பேர் சேர்ந்து வெள்ளிக்கிழமை சமைத்து, சோறு குக்கரிலேயே மறுநாள்வரை கிடக்கும் என்று முன்பு சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தச் சிரிப்பு இனி எனக்கு வேண்டாம். சமைத்த சோற்றை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காதே. உங்கள் ஊர்ச் சூட்டில் அதுவும் அதிகம். மிஞ்சும் என்று தெரிந்தால் அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, உடனே ஃபிரிட்ஜில் வை. பெரிய பானையோடு உள்ளே தள்ளினால் வெளிப்பக்கம் குளிரும், நடுப்பாகம் மறுநாள்வரை இளஞ்சூடாகவே கிடக்கும். அடுத்த நாளைக்கு மேல் வைத்துத் தின்னாதே. ஒருதரம் சூடாக்கியதைத் திரும்பவும் வைக்காதே. பச்சைக் கோழியைக் கழுவாதே. தெறிக்கிற தண்ணீரில் கிருமி குசினி முழுக்கப் போகும். கோழி வெட்டின பலகையில் சலாது வெட்டாதே. விரலில் வெட்டுக்காயமோ புண்ணோ இருந்தால் அன்றைக்கு உன்னுடைய முறையை வேறொருவனுக்குக் கொடு. அந்தப் புண்ணில் இருக்கிற கிருமி கக்குகிற நஞ்சும் எவ்வளவு கொதித்தாலும் சாகாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. இதெல்லாம் சின்னப்பிள்ளைப் பாடம் என்று நீ நினைப்பாய். ஓம், அப்படித்தான். தெரியாததால் நாங்கள் விழவில்லை. மூக்கு சொல்லும், சூடு காக்கும், நல்ல கை சமைத்தால் பிழை வராது என்ற மூன்று நம்பிக்கைகள் தெரிந்ததை மூடிவிட்டன.

நீ எழுதியதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். மறுநாள் காலையில் மலரின் வீட்டுப் படலையடிக்கு இடியப்பம் வாங்க ஒருவரும் வரவில்லை. கடற்கரைப் பக்கத்து விருந்தினர் விடுதி ஒன்று நாளாந்தம் அவளிடம்தான் இடியப்பம் எடுக்கும். அவர்களும் ஆளனுப்பவில்லை. அவித்ததை அவள் கோழிக்குப் போட்டாள். அவளுடைய மூத்த பெட்டையைப் பள்ளிக்கூடத்தில் நஞ்சுச் சோறு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நான் படிப்பிக்கிற அதே பள்ளிக்கூடத்தில். முந்தாநாள் நான் அவளுடைய வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னாள், ஆனால் தேத்தண்ணீர் தரவில்லை. ஏன் என்று கேட்டேன். “நான் தந்தா நீங்கள் குடிக்கத்தானே வேணும், ரீச்சர். உங்களைச் சோதிக்க வேண்டாம் எண்டுதான்” என்றாள். நானே குசினிக்குள் போய்த் தண்ணீர் வைத்து, இரண்டு பேருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தேன். அந்தியேட்டிக்குச் சோறு வடிக்க வரவேண்டும் என்று கேட்டேன். தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, “தம்பிக்குத் தெரியுமோ?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது, சொல்லுவேன் என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

உன் அப்பா இருந்திருந்தால் இதை இரண்டு வரியில் முடித்திருப்பார். எனக்கு அது வராது. அத்தைக்காக யாரையாவது தண்டிக்க வேண்டும் என்ற உன் பாரத்தை என்னால் இறக்கி வைக்க ஏலாது. உனக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டுமென்றால், மகன் வரட்டும் என்று சொன்னவள் நான். உனக்காகக் காத்திருந்ததில் உன் பிழை ஒன்றும் இல்லை. அதை நீ ஒருநாளும் உன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் நீ அதை உள்ளுக்குள் எப்போதோ கணக்குப் பார்த்துவிட்டாய் என்றும், அந்தக் கணக்கு பொறுக்காமல்தான் மலரின் பெயரை எழுதினாய் என்றும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அப்படி இல்லையென்றால் என்னை மன்னித்துக்கொள்.

அம்மா

*

மேலே உள்ளதை நேற்றுப் பின்னேரம் எழுதினேன். குழுவில் போடுவதற்கு முன், இன்று நடந்ததையும் சேர்க்கிறேன்.

மலர் வெளிச்சம் வரும்போதே வந்துவிட்டாள். சமையலுக்கு நின்ற எல்லோருடைய கையையும் பார்க்கப்போகிறேன் என்று சொல்லி, என் கையை முதலில் நீட்டினேன். அவளுடைய முறை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கைகளையும் காட்டினாள். ஒரு கீறலும் இல்லை. ஒரு பெரிய பானைக்குப் பதிலாகச் சின்னப் பானைகளில், பந்திக்குப் பந்தி புதிதாக வடிப்பது என்று முடிவு செய்தோம். ஐயர் முடிக்கும்வரை அரிசி உலையில் விழவில்லை. யாருக்கும் சோற்றுப் பார்சல் கட்டுவதில்லை என்றும் சொன்னேன். வீட்டில் கிடக்கிறவர்களுக்குப் பார்சல் கேட்டு வந்த ஒருவர், “பார்சல் இல்லாத அந்தியேட்டியும் இருக்கோ?” என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

கிரியையைப் பார்க்க நீ வீடியோவில் வந்தாய். சித்தப்பாவின் பின்னால் மலர் வாளியோடு போனதைக் கண்டுவிட்டு, அவ ஏன் அங்கே நிற்கிறா என்று கேட்டாய். சோறு வடிக்கிறா என்றேன். “அம்மா, உங்களுக்கென்ன விசரோ?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. மலருக்கும் கேட்டது. பிறகு நான் இரண்டு தரம் எடுத்தும் நீ எடுக்கவில்லை.

காகத்துக்கு வைத்தோம். காகங்கள் வந்து தின்றன. பந்தியில் இருந்த சித்தப்பா இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “காகம் ஒண்டும் விழேல்ல. இனிப் பயப்பிடாமல் சாப்பிடலாம்” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் தீய மனிதர் இல்லை. அவரும் அன்றைக்குச் சத்தி எடுத்தவர். மலர் குனிந்து அவருடைய இலைக்குத்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முழுக்கப் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த அப்பாவின் சிநேகிதர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு, இன்னும் ரசம் வேண்டும் என்றார். வந்தவர்களில் பாதிப்பேர் அளவில் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விரதம், வயிறு சரியில்லை என்று ஒவ்வொன்றைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சாம்பல்தீவிலிருந்து அத்தையின் பிள்ளைகள் வரவே இல்லை.

வருவார்கள் என்று நம்பிக் கடைசிப் பானையையும் மலர் வடித்துவிட்டாள். நாங்கள் இருவரும் குசினியில் எதிரெதிரே இருந்து சாப்பிட்டோம். நல்ல சோறு. மிச்சத்தை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். “கொண்டுபோய்க் குடுத்தாலும் ஆர் வாங்கப் போயினம்? வைக்கவும் கூடாது எண்டுறியள்.” மதிலோரம் கிடங்கு வெட்டி, பானையோடு கொண்டுபோய்க் கவிழ்த்தாள். இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. மண்ணையும் அவளே தள்ளினாள்.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பொழுது பட்ட பிறகும் நான் போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். யாரும் வயிற்று வருத்தம் என்று சொல்லவில்லை. நீயும் எடுக்கவில்லை.

மலர் போகும்போது, நாளைக் காலையில் எனக்குப் பத்து இடியப்பம் வேண்டும் என்று சொன்னேன். கழுவின பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படலையடியில் நின்று என்னைப் பார்த்தாள்.

“பத்துக்கு மட்டும் ஆர் அடுப்பு மூட்டுறது, ரீச்சர்” என்றாள்.